நாற்பத்திரண்டாம் நாள்

எங்கட ஊர்களில் மதத்துக்கு என்று ஒரு காலம் இருக்கு. கார்த்திகை பிறந்தால் மலையகத்தில் ஐயப்ப சாமிமார் மாலை போட்டுக் கறுப்பு வேட்டி கட்டுவார்கள். 41 நாள் மச்சம் இல்லை, சாராயம் இல்லை, வீட்டில் சண்டை இல்லை. மன்னாரில் சாம்பல் புதன் வந்தால் 40 நாள் தவக்காலம். வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை, பின்னேரம் சிலுவைப்பாதை. கிழக்கில் பிறை கண்டால் ஒரு மாதம் நோன்பு, கடைத்தெருவே வேற மாதிரி ஆகிவிடும். அந்தக் காலத்துக்குள் எங்கட அப்பாமார், அண்ணன்மார், நாங்கள் எல்லாரும் கொஞ்சம் நல்ல ஆட்களாகிவிடுகிறோம். பிறகு மாலை கழற்றுவார்கள், உயிர்த்த ஞாயிறு வரும், பெருநாள் வரும். அதற்கு அடுத்த நாள் ஒன்று இருக்கு. அதை 42ஆம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளைப் பற்றித்தான் இங்கே கதைக்கப் போகிறோம்.

எங்களை இதைக் கதைக்க வைத்தவர்கள் ஐயப்ப பக்தர்களும் இல்லை, பங்குத் தந்தையும் இல்லை, மௌலவியும் இல்லை. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் தலைமையகம் வைத்திருக்கிற மோர்மன்கள். அவர்கள் எப்படி எங்களிடம் வந்தார்கள் என்பதை முதலில் சொல்ல வேணும்.

நாங்கள் என்றால் மூன்று பேர். பேராதனையில் கலைப்பீடம், ஒரே ஹொஸ்டல், ஒரே அறை. ஒருத்தி ஹட்டன் பக்கத்துத் தோட்டம், சைவம். ஒருத்தி மன்னார், கத்தோலிக்கம். ஒருத்தி அக்கரைப்பற்று, முஸ்லிம். மூன்றாம் வருசத்தில் சமயமும் சமூகமும் பற்றிய பாடத்துக்கு, எங்கட மதம் அல்லாத ஒரு மதக் குழு தன் ஆட்களின் அன்றாட வாழ்க்கையை எப்படி ஒழுங்கு செய்யுது என்று பிரசன்டேசன் செய்ய வேண்டியிருந்தது. சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு மோர்மன்கள் வந்தார்கள். பிரசன்டேசன் இருபது நிமிசத்தில் முடிந்தது. அதற்காக வாசித்தவை மட்டும் அறையை விட்டுப் போகவில்லை.

மோர்மன் என்பது வெளியாட்கள் வைத்த பட்டப்பெயர். சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. பட்டப்பெயரை விட்டுவிட்டு முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று 2018 இல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். பெயர் நீளம் என்பதால் இங்கே மோர்மன் என்றே எழுதுகிறோம், மரியாதைக் குறைவாக இல்லை. ஜோசப் ஸ்மித் என்ற விவசாயக் குடும்பத்து இளைஞர் 1830 இல் நியூயோர்க் மாநிலத்தின் பல்மைரா என்ற ஊரில் மோர்மன் புத்தகத்தை அச்சிட்டு வெளியிட்டார். அப்போது அவருக்கு 24 வயது. தேவதூதர் காட்டிக்கொடுத்த பொன் தகடுகளில் இருந்ததை மொழிபெயர்த்ததாகச் சொன்னார். அதே வருசம் ஏப்ரல் 6 இல் சபை தொடங்கியது. 1844 இல் சிறையில் இருந்தபோது ஒரு கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. 1847 இல் பிரிகம் யங் தலைமையில் அந்த மக்கள் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்குப் போய்க் குடியேறினார்கள். பைபிளோடு சேர்த்து இன்னும் மூன்று நூல்களை வேதமாக வைத்திருக்கிறார்கள். கொழும்பிலும் அவர்களுக்குச் சின்னச் சபை இருக்கு, மோர்மன் புத்தகம் தமிழிலும் இருக்கு.

பொன் தகடு உண்மையா பொய்யா என்று நாங்கள் மூன்று பேரும் அடிபடவில்லை. எங்களுக்கு வந்த கேள்வி வேற: அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் திங்கட்கிழமை இரவு என்ன செய்யுது?

திங்கட்கிழமை என்று சும்மா சொல்லவில்லை. வாரத்தில் ஒரு மாலையை வீட்டுக்கு ஒதுக்குங்கள் என்று 1915 இலேயே சபைத் தலைவர்கள் சொல்லிவிட்டார்கள், பிறகு அது திங்கட்கிழமை என்று நிலைத்தது. ஒரு பாட்டு, ஒரு செபம், வேதத்திலிருந்து சின்னப் பாடம், ஒரு விளையாட்டு, கடைசியில் தின்ன ஏதாவது. அவ்வளவுதான். 2019 இல் இன்னொரு மாற்றம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் வகுப்புகளும் சேர்ந்து மூன்று மணித்தியாலம் நடந்ததை இரண்டாகக் குறைத்து, வேதம் படிப்பதன் மையத்தைக் கோயிலிலிருந்து வீட்டுக்கு மாற்றினார்கள். பழைய ஏற்பாடு ஒரு வருசம், புதிய ஏற்பாடு ஒரு வருசம், மோர்மன் புத்தகம் ஒரு வருசம், ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்த வெளிப்பாடுகளின் தொகுப்பு ஒரு வருசம் என்று நான்கு வருசத்தில் ஒரு சுற்று. எந்தக் கிழமை எந்தப் பகுதி என்பது உலகம் முழுக்க ஒன்றுதான். சால்ட் லேக்கில் இருக்கிற பிள்ளையும் கொழும்பில் இருக்கிற பிள்ளையும் அந்தக் கிழமை ஒரே அதிகாரத்தைத்தான் வாசிக்குது.

வாசிக்கிற முறைதான் எங்களைப் பிடித்தது. மோர்மன் புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரு குடும்பம் எருசலேமை விட்டு வனாந்தரம் கடந்து, கடல் கடந்து வேற ஒரு நிலத்துக்குப் போகுது. அந்தக் குடும்பத்தின் இளைய மகன்களில் ஒருவன் நேபி. அவன் தன் அண்ணன்மாருக்கு ஏசாயா தீர்க்கதரிசியின் எழுத்தை வாசித்துக் காட்டுகிறான். ஏசாயா இந்தக் குடும்பத்துக்காக எழுதவில்லை. ஆனாலும் நேபி அதை எங்களுக்கே சொன்னதுபோல எங்களோடு பொருத்தி வாசிப்போம் என்கிறான். அந்த ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் மோர்மன்கள் இன்றைக்கும் வேதம் வாசிக்கிறார்கள். இது என்ன சொல்லுது என்பதோடு நிற்காமல், இது இன்றைக்கு என்னை என்ன செய்யச் சொல்லுது என்று கேட்கிறார்கள்.

எங்களுக்கு இந்தக் கேள்வி புதுசு. மூன்று பேருக்கும் சாதாரண தரத்தில் சமயத்துக்கு ஏ. பதிகம் பாடமாக்கினோம், பாடினவர் யார், எந்தத் தலம், என்ன பண் என்று எழுதினோம். உவமைக் கதைகளைப் பந்தி பந்தியாக எழுதினோம். சூராக்களை மனனமிட்டோம். இந்தப் பதிகம் இன்றைக்குப் பின்னேரம் உன்னை என்ன செய்யச் சொல்லுது என்று எந்த வினாத்தாளிலும் வரவில்லை. புள்ளி போட முடியாத கேள்வி என்பதால் கேட்கவில்லைபோல.

பொருத்தி வாசிப்பது என்றால் என்ன என்று எங்களுக்கு விளங்கிய இடம் ஒன்று இருக்கு. மோர்மன் புத்தகத்தில் அல்மா என்று ஒரு போதகர். அவரிடம் ஏழைகள் கூட்டமாக வருகிறார்கள். தங்கட கையாலேயே பாடுபட்டுக் கட்டின செபக்கூடத்துக்குள் தங்களை விடுகிறார்கள் இல்லை, உடுப்பு நல்லதில்லை என்று வெளியே துரத்துகிறார்கள், நாங்கள் எங்கே போய்க் கும்பிடுவது என்று கேட்கிறார்கள். ஹட்டன்காரி அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"ரோட்டு போட்டது எங்க ஆளுக. ரயில் பாதை வெட்டுனது எங்க ஆளுக. காட்டை அழிச்சுத் தேயிலை வச்சது எங்க ஆளுக. 1948ல பிரஜாவுரிமை சட்டம் கொண்டாந்து வெளிய போன்னு சொன்னாங்க. இது நம்ம கதைதானே டீ?"

அந்த அதிகாரத்தில் அல்மா அவர்களுக்குச் சொல்கிற பதில் இன்னும் சுவாரசியம். நம்பு என்று அவர் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு விதையை நட்டுப் பாருங்கள், வளருதா இல்லையா என்று நீங்களே பாருங்கள், முழு நம்பிக்கை வேணும் என்றில்லை, முயற்சி செய்து பார்க்கிற ஆசை இருந்தால் போதும் என்கிறார். தேயிலை நாற்று மேடையில் வளர்ந்த பிள்ளைக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனித் தேத்தண்ணிக்கு வருவோம்.

மோர்மன்கள் தேத்தண்ணி குடிக்க மாட்டார்கள். கோப்பியும் இல்லை. இது 1833 பெப்ரவரி 27 இல் ஒஹையோ மாநிலத்தின் கேர்ட்லண்ட் என்ற ஊரில் தொடங்கியது. ஒரு கடையின் மேல்மாடியில் ஜோசப் ஸ்மித் ஆட்களைக் கூட்டி வகுப்பு நடத்துவார். வந்தவர்கள் பைப் புகைத்து, புகையிலை மென்று துப்பினார்கள். அந்தத் தரையைக் கழுவ வேண்டியிருந்த மனைவி எம்மாவின் முறைப்பாடும் ஒரு காரணம் என்று பிரிகம் யங் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அப்போது ஜோசப் ஸ்மித் சொன்ன வெளிப்பாட்டில் சாராயம் கூடாது, புகையிலை கூடாது, சூடான பானம் கூடாது என்று இருந்தது. சூடான பானம் என்றால் தேயிலையும் கோப்பியும் என்று தலைவர்கள் விளக்கம் சொன்னார்கள். முதலில் அது அறிவுரைதான், கட்டளை இல்லை. இருபதாம் நூற்றாண்டில்தான் இறுக்கமான விதியானது. இன்றைக்குத் தேத்தண்ணி குடிக்கிற மோர்மன் ஒருவர் அவர்களின் ஆலயத்துக்குள் போக அனுமதி பெற முடியாது. கிரீன் டீயும் அதே செடியின் இலைதான், ஆகவே அதுவும் கூடாது என்று 2019 இல் இளைஞர்களுக்கான அவர்களின் சஞ்சிகையில் எழுதினார்கள். தேயிலை இல்லாத மூலிகைப் பானத்துக்குத் தடையில்லை. எங்கட மல்லித்தண்ணி தப்பிவிடும்.

இதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பேராதனையில் இருந்துகொண்டு இதற்குச் சிரிக்காமல் இருக்க ஏலாது. கெம்பஸுக்குப் பின்னால் ஹந்தானை மலை, மேலே தேயிலை நூதனசாலை. கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில்தான் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பெரிய அளவில் பயிரிட்டார். ஹட்டன்காரியின் அம்மா இன்றைக்கும் கொழுந்து பறிக்கிறார். ஒரு நாளைக்கு 1,000 ரூபா கேட்டு வருசக் கணக்காகப் போராடி, 2021 இல் அது கிடைத்தபோது லயத்தில் பட்டாசு கொளுத்தினார்களாம்.

சிரித்து முடிந்த பிறகு அவள் சொன்னதுதான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம். எழுதச் சொன்னதும் அவள்தான்.

"ஒரே லிஸ்ட்ல தேத்தண்ணியும் இருக்கு, சாராயமும் இருக்கு. ஒண்ணு எங்க வீட்டுக்குச் சோறு போடுது. மத்தது அந்தச் சோத்தைப் புடுங்குது."

அவளுடைய அப்பா பத்து வருசமாக மாலை போடுகிறார். கார்த்திகை முதலாம் திகதியிலிருந்து அவரை வீட்டில் யாரும் அப்பா என்று கூப்பிட மாட்டார்கள், சாமி என்றுதான். விடிய நாலு மணிக்குக் குளிர்ந்த தண்ணியில் குளிப்பார். சம்பளம் முழுசாக அம்மாவின் கைக்கு வரும். பின்னேரம் பஜனை. அவர்தான் அந்தக் கோஷ்டியில் பாட்டுக்காரர். மாலையைக் கழற்றினால் அந்தக் கிழமைக்குள்ளேயே பழையபடி. 41 நாள் ஏலும் என்று காட்டின மனுசனுக்கு 42ஆவது நாள் ஏன் ஏலாமல் போகுது? நெடுநாள் குடி ஒரு வருத்தம், அதற்கு வைத்தியம் வேணும், திடீரென நிறுத்தினால் உடம்புக்கு ஆபத்தும் வரலாம் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்டது அதைத் தாண்டின கேள்வி.

நாங்கள் மூன்று பேரும் இதைப் பல இரவு கதைத்தோம். சாமிக்குப் பயம் என்று சொல்லிவிடலாம். ஆனால் சாமி தை மாதத்திலும் இருக்கிறார்தானே. மண்டல காலத்தில் அவரைத் தாங்கிப் பிடிக்கிறது பயம் மட்டும் இல்லை, ஓர் ஏற்பாடும் கூட. கூட்டாளிமார் அவரைக் குடிக்கக் கூப்பிட மாட்டார்கள். வீட்டில் சமையல் வேற. காலையில் குளிக்க நேரம் இருக்கு, பின்னேரம் போக இடம் இருக்கு, பாட ஆட்கள் இருக்கிறார்கள். முழு லயமும் சேர்ந்து ஒருத்தரை நிமிர்த்தி வைத்திருக்கு. மாலையைக் கழற்றுகிற அன்றைக்கு அந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நாளில் கலைந்து போகுது. அடுத்த நாள் அவர் தனி ஆள்.

மோர்மன்களின் கெட்டித்தனம் இங்கேதான் இருக்கு என்று எங்களுக்குப் பட்டது. அவர்களுடைய நம்பிக்கை எங்கட ஆட்களின் நம்பிக்கையை விடப் பெரிசு என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்களிடம் கழற்றி வைக்க மாலை இல்லை. திங்கட்கிழமை ஒவ்வொரு கிழமையும் வரும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு இரண்டு நேரச் சாப்பாட்டை விடுவார்கள், அந்தக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்குப் போகும். எல்லாம் சின்னச் சின்ன வேலை, எல்லாம் திரும்பத் திரும்ப வருகிற வேலை.

அப்ப நாங்களும் விதையை நட்டுப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். எந்த விரத காலமும் இல்லாத ஒரு மாதம் வேணும் என்று போன வருசம் யூலையைத் தெரிவு செய்தோம். யாரும் மதம் மாறவில்லை, யாரையும் மாற்றவும் இல்லை. இரவு பத்து மணிக்குப் பத்து நிமிசம் அவரவர் புத்தகத்தில் ஒரு சின்னப் பகுதி. அது நாளை இரவுக்குள் என்னை என்ன செய்யச் சொல்லுது என்று ஒரு வேலை, செய்து முடிக்கக்கூடிய அளவில். அதை மற்ற இரண்டு பேருக்கும் சொல்ல வேணும். அடுத்த நாள் செய்தேனா இல்லையா என்றும் சொல்ல வேணும். முதல் ஞாயிறு இரண்டு நேரச் சாப்பாடு இல்லை. இதோடு, தனக்கு விலையான ஒன்றை விட வேணும். தேத்தண்ணியை விடுவோமா என்று கேட்டதற்கு ஹட்டன்காரி, "நான் விட்டா எங்கம்மா பறிக்கிறத யார் குடிக்கிறது?" என்றாள். அவள் இரவில் போனில் உடுப்புப் பார்க்கிறதை விட்டாள். மன்னார்காரி தேத்தண்ணியை விட்டாள், நாலு நாள் தலையிடி. அக்கரைப்பற்றுக்காரி டிக்டொக்கை விட்டாள்.

ஒரு நாள் மன்னார்காரி மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை எடுத்தாள். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனோடு மனஸ்தாபம் இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று வருகிற இடம். அவளுடைய வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும் வேலிப் பிரச்சினையில் எட்டு மாதமாகப் பேச்சு இல்லை. பெரியாட்களின் சண்டை, அவளுக்கும் அதற்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் மாமிக்கு வட்ஸ்அப்பில் ஒரு வசனம் அனுப்பினாள். அரை மணித்தியாலத்தில், "சாப்பிட்டியா பிள்ளை?" என்று வந்தது. வேலி இன்னும் அங்கேதான் நிற்குது. மாமி இப்போது போன் எடுக்கிறார்.

அக்கரைப்பற்றுக்காரி சூரா மாஊனை ஓதினாள். தொழுகிறவர்களைப் பற்றியே கடுமையாகப் பேசுகிற சின்ன சூரா அது. மற்றவர்களுக்குக் காட்டுவதற்காகத் தொழுதுவிட்டு, பக்கத்து ஆளுக்குச் சின்னப் பொருளைக்கூடக் கொடுக்காதவர்களைப் பற்றி வருது. முதலாம் வருசத் தங்கச்சி ஒருத்தி அசைன்மென்ட் முழுவதையும் போனிலேயே டைப் பண்ணிக்கொண்டிருந்தாள். அடுத்த நாளிலிருந்து பின்னேரம் ஆறிலிருந்து எட்டு மணி வரைக்கும் இவளுடைய லப்டொப் அந்தத் தங்கச்சிக்கு.

ஹட்டன்காரி அப்பர் பக்கம் போனாள். கோயில் முற்றத்தில் உழவாரத்தோடு புல் செதுக்கின மனுசன் அவர். எங்கட தளத்துக் குளியலறை இரண்டு கிழமையாக அடைத்துக் கிடந்தது. அடுத்த நாள் விடிய அவள் உழவாரத்துக்குப் பதிலாக ஒரு தும்புத்தடியோடு போனாள்.

முப்பது இரவில் மூன்று பேரும் ஒன்றாக இருந்தது பத்தொன்பது இரவுதான். சில நாள் பரீட்சை, சில நாள் நித்திரை, ஒரு நாள் வேணுமென்றே வாசிக்காமல் படம் பார்த்தோம்.

நடுவில் அக்கரைப்பற்றுக்காரி எங்களை நிறுத்தினாள். "நீங்க ரெண்டு பேரும் கதைக்கிறதப் பார்த்தா அமெரிக்காக்காரன்தான் ஒவ்வொரு நாளும் மதத்தப் பின்பற்றுறான் என்ட மாதிரி இருக்கு. பெருநாளுக்கு அடுத்த நாளும் சுபஹு தொழணும். உம்மா ஷவ்வால்ல ஆறு நோன்பு புடிக்கிற. உங்கட நாப்பத்திரண்டாம் நாளுக்கு எங்கட மார்க்கத்தில முன்னமே பதில் இருக்கு." அது நியாயம். மன்னார்காரியின் வீட்டில் இரவுச் செபமாலை இருக்கு. ஹட்டன் வீட்டில் அம்மா ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கிறார். ஒவ்வொரு நாளும் செய்வதற்கு எல்லார் மதத்திலும் ஏதோ இருக்கு. எங்களுக்குப் புதுசாக வந்தவை இரண்டுதான்: வாசித்ததை ஒரு வேலையாக்குவது, அதைச் செய்தேனா என்று இன்னொருவருக்குச் சொல்வது.

இனி இதன் மறுபக்கம். அதைச் சொல்லாமல் விட்டால் விளம்பரம் எழுதினது மாதிரி ஆகிவிடும். வேதத்தை வாழ்க்கைக்குப் பொருத்துகிற இதே சபை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1978 ஜூன் வரைக்கும் ஆபிரிக்க வம்சாவளி ஆண்களுக்குக் குருத்துவம் கொடுக்கவில்லை. மற்ற ஆண்களுக்கெல்லாம் கிடைத்தது அவர்களுக்கு மட்டும் இல்லை. அதற்கும் வேதத்திலிருந்துதான் காரணம் காட்டினார்கள். காயீனின் சாபம், நோவாவின் மகனின் சந்ததி என்று பழைய கதைகளை எடுத்து, தங்கட பக்கத்து வீட்டுக் கறுப்பு மனுசனோடு பொருத்தினார்கள். அன்றைய அமெரிக்காவில் இருந்த இனவெறிக்கு வேதத்தில் இடம் தேடினார்கள், கிடைத்தது. கறுப்புத் தோல் சாபத்தின் அடையாளம் என்ற விளக்கங்களைச் சபை ஏற்பதில்லை என்று 2013 இல் வெளியிட்ட கட்டுரையில் எழுதினார்கள். தடை நீங்கி 35 வருசத்துக்குப் பிறகு.

இதை வாசித்துவிட்டு அமெரிக்காவைப் பார்த்து வாய் பிளக்க எங்களுக்கு வழியில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நின்ற ஆட்களை உள்ளே விட மறுத்தவர்களும் ஆகமத்தைத்தான் காட்டினார்கள்.

ஆகவே எங்கட அறையில் ஒரு சட்டம் போட்டோம். வாசித்ததை வைத்து நான் என்று மட்டும்தான் சொல்லலாம். நீ என்று சொல்லக்கூடாது, அவர்கள் என்றும் சொல்லக்கூடாது. இந்த வசனம் உனக்குத்தான் என்று ஒருத்தி தொடங்கினால் மற்ற இரண்டு பேரும் கையைத் தூக்குவோம், அவள் நிறுத்த வேணும். நேபியும் ஏசாயாவைத் தன் குடும்பத்தோடுதான் பொருத்தினான். ஆபிரிக்கர்களைத் தள்ளி வைத்தவர்கள் அடுத்த வீட்டில் பொருத்தினார்கள். இரண்டும் ஒரே வாசிப்பு முறை. நான், நீ என்ற இடத்தில்தான் பிரியுது.

அந்தச் சட்டத்தால் அதிகம் கஷ்டப்பட்டவள் ஹட்டன்காரிதான். அப்பாவுக்கு அனுப்ப அவளிடம் எவ்வளவோ வசனம் இருந்தது. எங்கட சட்டப்படி ஒன்றும் அனுப்ப முடியாது. நான் என்ன செய்யலாம் என்று மட்டும்தான் கேட்கலாம். இரண்டு மூன்று நாள் கோபமாக இருந்தாள். பிறகு, "பஜனை ஏழு மணிக்கு. மாலை போடாட்டியும் ஏழு மணி ஏழு மணிதானே" என்றாள். யூலையிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் இரவு ஏழு மணிக்கு அவள் அப்பாவுக்குப் போன் எடுக்கிறாள். திங்கள் மோர்மன்களுக்குக் குடும்ப இரவு, அவளுக்குச் சோமவாரம். குடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பஜனைப் பாட்டு ஒன்று பாடச் சொல்லிக் கேட்கிறாள். முதல் கிழமை அவர் வெட்கப்பட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். மூன்றாம் கிழமை பாடினார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். நல்ல குரல்.

கார்த்திகையில் மாலை போட்டார். தை மாதம் சபரிமலை போய் வந்து ஒரு சனிக்கிழமை கழற்றினார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. திங்கள் ஏழு மணிக்கு எடுத்தாள். அவரே எடுத்தார், பாடினார். அதற்குப் பிறகு இன்றைக்கு வரைக்கும் பதினொரு திங்கட்கிழமை போயிருக்கு. எட்டு நாள் குரல் சரியாக இருந்தது. இரண்டு நாள் அம்மா எடுத்து, "அப்பா படுத்துட்டாரு" என்றார். ஒரு நாள் யாரும் எடுக்கவில்லை. குடி நிற்கவில்லை. சம்பள நாள் இன்னும் சம்பள நாளாகத்தான் இருக்கு. போன மாதம் அம்மாவோடு நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம் போய்க் காட்டியிருக்கிறார். அதை அவராகவே ஒரு திங்கட்கிழமை பாட்டுக்கு முன்னால் சொன்னார். இது வெற்றியா தோல்வியா என்று நாங்கள் புள்ளி போடவில்லை. அவள் சொல்வது ஒன்றுதான்: "முன்ன வருசத்துல 41 நாள் இருந்துச்சு. இப்ப கிழமைக்கு ஒரு நாளும் இருக்கு."

இதை வாசிக்கிற நீங்கள் எந்தப் புத்தகக்காரராகவும் இருக்கலாம். கடவுள் இல்லை என்பவராகவும் இருக்கலாம், உங்களுக்குத் திருக்குறள் இருக்கு. செய்து பார்க்க ஆசையிருந்தால் பெரிய ஆயத்தம் ஒன்றும் தேவையில்லை. ஒரு நேரம், ஒரு சின்னப் பகுதி, நாளைக்குள் முடியக்கூடிய ஒரு வேலை, செய்தாயா என்று கேட்க ஓர் ஆள். விரத காலம் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மேடையில் ஏறி மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டாம்.

எங்கட அறையில் அது இன்னும் நடக்குது, கிழமைக்கு நாலு ஐந்து இரவு. முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு நேரச் சாப்பாட்டுக் காசை ஒரு பழைய பால்மா டின்னுக்குள் போடுகிறோம். மஹாபொல பிந்துகிற மாதங்களில் கீழ்த் தளத்துத் தங்கச்சிமாருக்கு அதிலிருந்து கொடுக்கிறோம், திருப்பிக் கேட்பதில்லை. மன்னார்காரி ஓகஸ்ட் முதலாம் திகதியே தேத்தண்ணிக்குத் திரும்பி வந்துவிட்டாள். ஹட்டனிலிருந்து வருகிற தூள் நல்ல சாயம்.